வேங்கை மரத்துப் பெண்முகம்

அந்த முகத்தை ஒழித்துக்கட்டியே தீருவது என்று சுருளி முடிவெடுத்தபோது காலை மணி ஆறேகால். இடம், போடிமெட்டுச் சாலையின் ஒன்பதாம் வளைவு. ஜீப்பின் ரேடியேட்டர் கொதித்துக்கொண்டிருந்தது. சுருளியின் வயிறும்தான்.

ஆள் வைத்து முடிக்கிற விவகாரம் என்று பயந்துவிட வேண்டாம். அது மரத்தில் செதுக்கிய முகம்.

இடி விழுந்து தலை போன வேங்கை மரம் ஒன்று அந்த வளைவில் வெகுநாளாக மொட்டையாக நின்றது. மூன்று ஆள் உயரம் இருக்கும். கிளை கிடையாது, இலை கிடையாது. எண்பத்திரண்டாம் வருஷம் சித்திரையில் கன்னையன் அதில் மரம் செதுக்குகிற வாச்சியைப் போட்டான். கன்னையன் எஸ்டேட் ஸ்டோரில் வேலை பார்ப்பவன். பச்சை ஏலக்காயை அனலில் உலர்த்துகிற அந்தக் கட்டடத்தில் அடுப்புக்கு விறகு தள்ளுவது அவன் சோலி. ஞாயிற்றுக்கிழமை மற்றவர்களெல்லாம் போடிக்குச் சந்தைக்கும் சினிமாவுக்கும் இறங்கிவிட, இவன் மட்டும் சாரம் கட்டி ஏறி உட்கார்ந்து மரத்தைக் கொத்துவான். செய் என்று யாரும் சொல்லவில்லை. ஏன் செய்கிறாய் என்றும் யாரும் கேட்கவில்லை.

முதலில் உச்சியில் ஒரு மலை அணில் வந்தது. வாலைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, அடுத்தவன் தோட்டத்துப் பலாச்சுளையோடு பிடிபட்ட மாதிரி முழித்தது. அதன் கீழே ஒரு கரடி. அணிலைத் தலையில் சுமக்க வைத்துவிட்டார்களே என்று அதற்கு முகமெல்லாம் கடுப்பு. அதற்கும் கீழே ஒரு யானை. அதன் தும்பிக்கை மரத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போயிற்று. எங்கே போகிறது என்று சுற்றிவந்து பார்த்தால் கரடியின் முதுகைச் சொறிந்துகொண்டிருக்கும்.

மலை ஏறுகிற பஸ்கள் அந்த இடத்தில் வேகத்தைக் குறைத்தன. கார்க்காரர்கள் இறங்கிப் போட்டோ பிடித்தார்கள். கேரளத்து லாரி டிரைவர்கள் "கொள்ளாமல்லோ!" என்று மெச்சி ஆரன் அடித்துவிட்டுப் போனார்கள். காய் பறிக்கப் போகும் பெண்கள் ஜீப்பில் இடது பக்கத்துப் பெஞ்சுக்குச் சண்டை போட்டார்கள்.

அந்தச் சண்டையில் தினமும் ஜெயித்தவள் சந்திரவல்லி. சுருளியின் பெண்டாட்டி.

போடி பஸ் ஸ்டாண்டில் விடியுமுன் பறிப்புப் பெண்கள் பதினெட்டுப் பேரை அடைத்துக்கொண்டு மேலே போய் எஸ்டேட்டில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்ப ஏற்றிவருவது சுருளியின் பிழைப்பு. அந்தப் பதினெட்டில் ஒருத்தியாகத்தான் சந்திரவல்லியும் போய் வந்தாள். முன்சீட்டில் கங்காணியும் அவனுடைய ஆட்களும். அவள் எப்போதும் பின்னால். தலைக்கு மேல் இருந்த சின்னக் கண்ணாடியில் சுருளி அவளைப் பார்த்தபடியே வளைவுகளை ஒடிப்பான். கல்யாணமாகி மூன்று வருஷமாக அவன் அவளை நிம்மதியாகப் பார்க்கிற நேரம் அது ஒன்றுதான். வீட்டுக்குப் போனால் சிம்னி விளக்கு, சோற்றுத் தட்டு, தூக்கம்.

ஒன்பதாம் வளைவு வந்ததும் கண்ணாடியில் அவள் முகம் மலரும். "யோவ், மெதுவா விடு. அந்தா பாரு, அணிலு இன்னிக்கும் முழிக்குது!" என்று அவள் சிரிக்கிற சிரிப்பு ஜீப்பு முழுக்கத் தொற்றிக்கொள்ளும்.

சுருளிக்கு மட்டும் தொற்றாது. தன்னைப் பார்த்து அவள் ஒருநாளாவது அப்படிச் சிரித்திருக்கிறாளா? அவனும் யோசித்து யோசித்துப் பார்த்தான். ஒரு தரம் வாய்க்காலில் வழுக்கி விழுந்தபோது சிரித்தாள். அதைக் கணக்கில் சேர்க்க முடியாது.

இத்தனைக்கும் அவனால் அங்கே நிற்காமல் போகவும் முடியாது. அந்த வளைவில்தான் ஓடை. ஏறுகிற ஜீப்பெல்லாம் அங்கே நிறுத்தி ரேடியேட்டரைக் குளிர வைத்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் மேலே போக வேண்டும். ஒருநாள் அடிவாரத்து முந்தலிலேயே கழுத்துமுட்டத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஒன்பதாம் வளைவை ஒரே மூச்சில் தாண்டினான். பத்தாம் வளைவில் ஜீப்பு புஸ்ஸென்று ஆவி கக்கி நின்றது. பதினெட்டுப் பெண்களும் தண்ணீர் மொள்ள டப்பாவோடு ஒன்பதாம் வளைவுக்கே இறங்கிப் போனார்கள். போனவர்கள் முக்கால் மணி நேரம் மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

"மாப்ளே, மத்த நாளு அஞ்சு நிமிசம். இன்னிக்கு உன் புண்ணியத்துல ஆற அமரப் பாத்தோம்" என்றாள் ராமுத்தாய். பறிப்புப் பெண்களில் மூத்தவள். அவள் வாய்க்கு எஸ்டேட் மேனேஜரே ஒதுங்கிப் போவார்.

இதுவரைக்கும் அது வெறும் எரிச்சல். ஐப்பசி பிறந்து இரண்டாவது திங்கட்கிழமைதான் நிஜமான தீ பற்றியது.

அன்று காலை யானைக்குக் கீழே ஒரு பெண்முகம் இருந்தது.

தலையில் பறிப்புக்காரிகள் கட்டுகிற மாதிரி துணி. சற்றே விரிந்த மூக்கு. எதையோ சொல்ல வந்து, வேண்டாம் என்று அடக்கிக்கொண்ட வாய். இடது புருவத்தை நடுவில் வெட்டிக்கொண்டு ஒரு தழும்பு.

சுருளியின் கையிலிருந்த தண்ணீர் டப்பா ரேடியேட்டரை விட்டு விலகி அவன் காலில் ஊற்றியது. அந்தத் தழும்பு அவனுக்குத் தெரியும். சின்ன வயதில் சந்திரவல்லிக்குக் கருக்கரிவாள் பட்ட தழும்பு. தினமும் பார்க்கிறானே! பதினேழு வளைவும் பார்த்துக்கொண்டே வருகிறானே!

"ஆத்தாடி, யாருடி இவ?" என்றாள் ஒருத்தி.

"எவளா இருந்தா என்ன, லட்சணமா இருக்கா" என்றாள் சந்திரவல்லி. பிறகு ஓடைப்பக்கம் பீடி பிடித்துக்கொண்டு நின்ற கன்னையனைக் கூப்பிட்டாள். "அண்ணே, அடுத்து என்ன செய்யப் போறீக?"

"நீயே சொல்லு ஆத்தா" என்றான் கன்னையன்.

அண்ணனாம், ஆத்தாவாம். சுருளி அந்த இரண்டு சொல்லையும் மலை உச்சி வரைக்கும் மென்றுகொண்டே போனான். அண்ணே என்று ஊருக்கு முன்னால் கூப்பிடுவதெல்லாம் கண்ணைக் கட்டுகிற வேலைதானே?

அன்றைக்கு இறங்கும்போது முந்தல் டீக்கடையில் சோணை பிடித்துக்கொண்டான். சோணையும் ஜீப்பு டிரைவர். சுருளியோடு கிளீனராக இருந்தவன். இப்போது சொந்த வண்டி.

"மரத்தப் பாத்தியா மாப்ளே? கன்னையன் மனசுக்குள்ள ஒருத்தி இருக்காப்பா. இல்லாட்டி இப்பிடிச் செதுக்க வருமா? எவன் வீட்டுப் பொம்பளையோ, பாவம்!"

"எவன் வீட்டுதா இருந்தா உனக்கென்னடா?"

"எனக்கென்ன? நான் இன்னும் கட்டவே இல்லையே. கட்டுனவன்தான் கண்ணத் தொறந்து பாக்கணும்."

சோணை பேச்சுக்குச் சொன்னான். டீயை ஆற்றிக் குடித்துவிட்டு அதை அப்போதே மறந்தும் போனான். சுருளிக்கு அன்றைக்கு டீ இறங்கவில்லை.

அடுத்த பத்து நாளில் அவன் ஒரு போலீஸ்காரன் ஆனான். தூக்குச்சட்டியில் சோறு கூடுதலாக இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்த்தான். புதுசாக எண்ணெய் தேய்த்துத் தலை வாருகிறாளா என்று கவனித்தான். வாரத்துக்கு இரண்டு நாள் வாரினாள். முன்னே எத்தனை நாள் வாரினாள் என்பது அவனுக்கு நினைவில்லை. அதுவே பெரிய துப்பாகத் தோன்றியது. நேரே கேட்டுவிடலாம்தான். கேட்டு அவள் ஆமாம் என்று சொல்லிவிட்டால்?

ஆகவே முகத்தைத்தான் ஒழிக்க வேண்டும். இதோ, ஆறேகால் மணிக்கு அவன் மரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

கோடாலி? நாலு வெட்டுப் போடுவதற்குள் எந்த வண்டியாவது வந்துவிடும். ஜீப்பின் பம்பரால் மோதுவது? வேங்கை. பம்பர்தான் போகும். தீ? ஐப்பசி மழையில் ஊறின மரம்.

பதில் சாயங்காலம் முந்தலில் கிடைத்தது. மலை ஏறுகிற வண்டிகள் எலுமிச்சம்பழம் நசுக்கிவிட்டுப் போகிற இடத்தில் ஒரு கல் உண்டு. எந்தக் காலத்திலோ எவனோ அதில் மஞ்சள் பூசினான். அதற்கப்புறம் அது கல் இல்லை. அதன் மேல் துண்டைக் காயப்போட ஒருவனுக்கும் தைரியம் கிடையாது. அந்தக் கல்லுக்கு மூக்கு இருக்கிறதா, முழி இருக்கிறதா என்று எவனும் உற்றுப் பார்ப்பதும் கிடையாது. கும்பிடுகிறவன் கண்ணை மூடிக்கொள்கிறான்.

சுருளி தொடையைத் தட்டிக்கொண்டான்.

சாமியாக்கிவிட்டால் எந்தப் பயலும் அந்த முகத்தைப் பொம்பளை முகமாகப் பார்க்க மாட்டான். கன்னையனின் உளியும் அதோடு ஓய்ந்தது. சாமி மேல் இரும்பு படலாமா?

மறுநாள் மத்தியானம் இரண்டு மணி. ஆட்களை ஏற்றிவரக் காலி வண்டியோடு தனியாக ஏறினான். மேகம் இறங்கி வளைவு முழுக்க வெள்ளையாக மூடியிருந்தது. கை நீட்டினால் கை தெரியவில்லை. வெள்ளிக்கிழமை வண்டி பூசைக்கு வைத்திருந்த மஞ்சள்பொடி, குங்குமம், எலுமிச்சம்பழம் எல்லாம் டேஷ்போர்டில் இருந்தன. மஞ்சள் துணியும் வாங்கி வந்திருந்தான். மரத்தடிக்குப் போன பிறகுதான் ஒன்று உறைத்தது. எண்ணெய் இல்லை. ஈர மரத்தில் மஞ்சள் ஒட்டாமல் வழிந்தது.

கீழே எங்கேயோ பஸ் ஒன்று ஆரன் அடித்தது. ஏழாம் வளைவாக இருக்கும். எட்டுக்கு வந்துவிட்டால் அப்புறம் நாலு நிமிஷம்.

ஜீப்புக்கு ஓடினான். சீட்டுக்கடியில் கை விட்டான். கிடைத்த டின்னைத் தூக்கி வந்து கை நிறைய ஊற்றி முகத்தில் அப்பினான். நெற்றி, கன்னம், அந்தத் தழும்பு எல்லாம் கறுத்து மினுமினுத்தன. மேலே மஞ்சள். நடுவில் ரூபாய் அகலத்துக்குக் குங்குமம். துணியைச் சுற்றிக் கட்டி எலுமிச்சம்பழத்தைக் காலடியில் வைத்தான். பஸ்சின் வெளிச்சம் மேகத்துக்குள் மஞ்சளாகத் தெரிந்தபோது அவன் வண்டியைக் கிளப்பிவிட்டான்.

அன்று சாயங்காலம் இறங்கும்போதே மரத்தடியில் இரண்டு தேங்காய் மூடிகள் கிடந்தன.

மூன்றாம் நாள் ஒரு மணி தொங்கியது. அந்த வாரத்துக்குள் சூலம் நட்டார்கள், வளையல் கோர்த்தார்கள். "மரம் எண்ணெ வேர்க்குதுடி! நான் கையால தொட்டுப் பாத்தேன், பிசுபிசுங்குது!" என்று ராமுத்தாய் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். போடியிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து பொங்கல் வைத்தார்கள். யானை, கரடி, உச்சி அணில் வரைக்கும் சேர்த்துச் சேலை சுற்றியாயிற்று. மழையில் ஆத்தா நனையக்கூடாது என்று மேலே தகரக் கொட்டகை போட வசூல் நடந்தது.

சுருளி போட்ட திட்டத்தில் எல்லாம் சரியாக நடந்தது. ஒன்றைத் தவிர. கன்னையன்!

அவன் உளியை ஓய வைக்கப் போய், அவனை மலைக்கே பெரிய ஆளாக்கியிருந்தான். ஆத்தாளைக் கண்டு சொன்ன கை என்று கிழவிகள் அவன் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். உடைத்த தேங்காயில் முதல் மூடி அவனுக்கு. "கன்னையன் வந்தாச்சா? அவரு வரட்டும், அப்புறம் தீபாராதனை." அவரு! அடுப்புக்கு விறகு தள்ளுகிற பயல் அவராகிவிட்டான். சுருளியோ தினமும் வண்டியை நிறுத்தி, இறங்கி, செருப்பைக் கழற்றி, தான் அப்பிய மஞ்சளை நோக்கித் தானே கும்பிட வேண்டியிருந்தது. கும்பிடாத டிரைவர் வண்டியில் ஏற மாட்டோம் என்று பெண்கள் சொல்லிவிட்டார்கள்.

சந்திரவல்லி சிரிப்பதை நிறுத்திவிட்டாள். முதல் இரண்டு நாள் சுருளிக்கு அது இனித்தது. மூன்றாம் நாள் கண்ணாடியில் பார்த்தான். அவள் வெளியே பார்க்கவில்லை, மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பேசாததால் மற்றவர்களும் பேசவில்லை. ஜீப்பு இழவு வீட்டுக்குப் போகிற வண்டி மாதிரி ஏறியது.

ஞாயிற்றுக்கிழமை காலை அவன் தலைக்குக் குளித்துவிட்டு வந்தபோது அவள் வாசலில் நின்று அவனுடைய காக்கிச் சட்டையை மோந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எந்தச் சாமிக்குய்யா கியர் ஆயில்ல காப்பு?" என்றாள்.

சுருளியின் கையிலிருந்த துண்டு நின்றது. "என்ன சொல்ற?"

"நேத்து ஆத்தா நெத்தியத் தொட்டு ஒத்திக்கிட்டேன். கையி நாறுச்சு. மூணு வருசமா இந்த நாத்தத்தத்தான் சோப்புப் போட்டுத் தொவைக்கிறேன், எனக்குத் தெரியாதா? சொல்லு. எதுக்குப் பூசுன?"

அவன் இல்லை என்றான். அவள் சட்டையை நீட்டினாள். அவன் பேச்சை மாற்றினான். அவள் மாறவில்லை. கடைசியில் அவனுக்கே அடக்க முடியாமல் வெடித்துவிட்டது.

"எம் பொண்டாட்டி மூஞ்சிய எவனோ ரோட்டு மரத்துல செதுக்கி வப்பான், போறவன் வர்றவனெல்லாம் பாத்து இளிப்பான், நான் பாத்துக்கிட்டு இருக்கணுமாக்கும்?"

"எம் மூஞ்சியா?"

"பின்ன? இடது புருவத்துல தழும்பு! எனக்குக் கண்ணு தெரியாதுன்னு நெனச்சியா?"

 சந்திரவல்லி வெயில் அடிக்கிற இடமாகப் பார்த்து நகர்ந்து அவன் முன்னால் நேராக நின்றாள். தலைமுடியை இரண்டு கையாலும் ஒதுக்கினாள்.

"பாரு."

பார்த்தான். தழும்பு இருந்தது. வலது புருவத்தில் இருந்தது.

சுருளி தன் கையைத் தூக்கித் தன் புருவத்தைத் தொட்டுப் பார்த்தான். இடது எது, வலது எது என்று ஒரு கணம் அவனுக்கே குழம்பியது. அவனுக்குத் தெரிந்த முகத்தில் தழும்பு அந்தப் பக்கம்தான் இருந்தது. ஜீப்பின் கண்ணாடியில் இருக்கிற முகத்தில்.

"கண்ணாடியில..." என்று ஆரம்பித்தான். அவளுக்கும் அது அந்த நொடியில் விளங்கிவிட்டது. கண் நிறைந்துவிட்டது.

"மூணு வருசம்யா. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு திரும்பிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். பாக்காம இருந்துட்டு, பொறாமைப்பட மட்டும் ஓடி வந்துட்ட. அதுவும் என்னய நம்பாம."

"இல்ல சந்திரா..."

"அந்த அணிலப் பாத்துச் சிரிக்கிறது ஒண்ணுதான்யா எனக்கு அந்த மலையில இருந்துச்சு. நாளெல்லாம் குனிஞ்சு காய் பறிக்கிறேன், அட்டை கடிக்குது, கங்காணி கத்துறான். காலையில அந்த அஞ்சு நிமிசம் போதும்னு இருந்தேன். அதுக்கும் சேலையச் சுத்தி வச்சிட்ட."

அவள் உள்ளே போய் இரண்டு சேலையைப் பையில் திணித்தாள். "ராமுத்தாக்கா தங்கச்சி மேல லயத்துலதான் இருக்கா. நான் அங்க தங்கிக்கிறேன். மரத்துக்கு முன்னால நின்னு, அத்தன பேரு கேக்க, நான்தான் பூசுனேன், இதுக்காகத்தான் பூசுனேன்னு சொல்லு. சொல்லிட்டு வந்து கூப்பிடு. அது வரைக்கும் உன் ஜீப்புல ஏற மாட்டேன்."

லயம்! எஸ்டேட் ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் அந்த வீடுகளில் கடைசி வீடு கன்னையனுடையது.

அவள் சோணையின் ஜீப்பில் ஏறிப் போனாள். அதையும் சுருளி பார்த்தான்.

திங்கள், செவ்வாய், புதன். பதினேழு பேரோடு ஏறினான், இறங்கினான். கண்ணாடியில் அவள் இடத்தில் ஒரு கூடை உட்கார்ந்திருந்தது. அவள் இந்நேரம் கன்னையன் வீட்டு வாசலில் நின்று பேசிக்கொண்டிருப்பாளா? அவன் காய்ந்த விறகாகப் பார்த்துக் கொடுத்திருப்பானா? சோணை ஓசியில் ஏற்றிக்கொண்டு போனானா, காசு வாங்கினானா? ஓசி என்றால் ஏன் ஓசி? சோறு கசந்தது. அவள் சொன்னதைச் செய்துவிடலாம் என்று ஒன்பதாம் வளைவில் மூன்று தடவை வாயைத் திறந்தான். மூன்று தடவையும் "தண்ணி ஊத்துங்க" என்றுதான் வந்தது. சொன்னால் மலை முழுக்கச் சிரிக்கும். போடி பஸ் ஸ்டாண்டு ஒரு வருஷத்துக்குச் சிரிக்கும்.

வெள்ளிக்கிழமை கொட்டகைக்குத் தகரம் வந்து இறங்கியது. மரத்தடியில் நூறு பேர். உச்சியில் தகரம் அடித்துவிட்டால் அணில் ஒரேயடியாகப் போயிற்று. ஒரு ஆள் ஏணியில் கால் வைத்துவிட்டான். கூட்டத்தில் சந்திரவல்லி கடைசியில் நின்றாள். அவளுக்கு இரண்டு ஆள் தள்ளிக் கன்னையன் நின்றான்.

இரண்டே ஆள்!

அந்தக் கணக்குதான் சுருளியை முன்னால் தள்ளியது. ஏணியைப் பிடித்து ஆட்டினான்.

"இறங்குடா! அது சாமி இல்ல. நான்தான் பூசுனேன்."

கூட்டம் திரும்பியது.  அவன் ஏணியை விடாமல் சொன்னான். "கியர் ஆயிலு. எண்ணெ கெடைக்கல. எம் பொண்டாட்டி மூஞ்சியக் கன்னையன் செதுக்கிட்டான்னு நெனச்சேன். பொறுக்கல. யாரும் பாக்கக் கூடாதுன்னு சாமியாக்கிட்டேன்." சந்திரவல்லி நின்ற பக்கம் திரும்பி, "அது அவ மூஞ்சியும் இல்ல. தழும்பு வேற பக்கம். எனக்குத் தெரியல" என்றான்.

 ஒரு பெரியவர் கையிலிருந்த சூடத்தட்டைக் கீழே வைத்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினார். அடி நிச்சயம் என்று சுருளி கண்ணை மூடிக்கொண்டான்.

ராமுத்தாய் தன் விரலை மூக்கருகே கொண்டுபோய் மோந்தாள். "அட நாசமாப் போறவனே! ரெண்டு வாரமா இதத்தான் நெத்தியில வச்சுக்கிட்டு அலையுறேனா? எம் மருமக கேட்டா, என்ன அத்த, ஜீப்பு நாத்தம் நாறுறன்னு!"

யாரோ ஒருத்தி களுக்கென்றாள். அப்புறம் சோணை ஆரம்பித்தான். அப்புறம் நூறு பேரும். சுருளி நடுவில் நின்றான். காது மடல் வரைக்கும் எரிந்தது. அடித்திருந்தால் தேவலை.

கன்னையன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். சண்டைக்கு வருகிறான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவன் மரத்தின் முகத்தைத் தொட்டான்.

"அது யாரு மூஞ்சியும் இல்லண்ணே. மரத்துல அந்த எடத்துல ஒரு வெடிப்பு இருந்துச்சு. மூக்குல விட்டா அசிங்கமா இருக்கும், புருவத்துல விட்டேன்." பிறகு குரலைத் தாழ்த்தினான். "இந்த ரெண்டு வாரமா எனக்குத் தூக்கமே இல்ல. சாமி செய்யிறதெல்லாம் எனக்கு வராது. எனக்குக் கரடிதான் வரும். உளி எடுத்தா அடிப்பாங்கன்னு பயந்துக்கிட்டு அத விறகுக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கேன். நீ சொன்னதுல எனக்குச் சந்தோசம்தான்."

 ராத்திரி பகலாகச் சுருளி எவனைப் பார்த்து வயிறெரிந்தானோ அவன் இப்படிப் பயந்துபோய்க் கிடந்திருக்கிறான்.

வேட்டியை மடித்துக் கட்டிய பெரியவர் விடவில்லை. "அதெல்லாம் சரி, கும்பிட்டாச்சே. கும்பிட்டத எப்பிடித் திருப்பி எடுக்குறது? நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனா?"

அதற்கும் ராமுத்தாய்தான் வழி சொன்னாள். ஓடை ஓரத்தில் கிடந்த உருண்டைக் கல் ஒன்றைக் காட்டினாள். "ஆத்தாள அதுல இறக்கி வைங்க. நல்லெண்ணெ நான் கொண்டாறேன். வண்டி நிக்கிற எடந்தான, கும்பிட்டுட்டுப் போவோம். மரத்த மரமா விடுங்கப்பா. எனக்கும் அந்த யானையப் பாக்காம என்னமோ மாதிரி இருக்கு."

சூடம் ஏற்றி, மணி அடித்து, ஆத்தாளைக் கல்லுக்கு அழைத்தார்கள். மரத்துச் சேலையைச் சுருளியே அவிழ்க்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. அவிழ்த்தான். மண்ணெண்ணெய்த் துணியால் அந்த முகத்தைத் துடைத்தான். ஆயில் மரத்தில் ஊறிப்போய் முகம் நல்ல மாநிறமாகிவிட்டிருந்தது. "கறையான் அண்டாது" என்று கன்னையன் சந்தோஷப்பட்டான்.

சந்திரவல்லி பையோடு வந்து ஜீப்பின் அருகே நின்றாள்.

"சொல்லிட்டேன்" என்றான் சுருளி.

"கேட்டுச்சு. கீழ முந்தல் வரைக்கும் கேட்டிருக்கும்."

"வர்றியா?"

"வர்றேன். ஆனா ஒண்ணு. ஞாயித்துக்கெழம நான் இங்க வருவேன். அண்ணன் அடுத்து காட்டுப் பன்னி செய்யப் போறாரு. நான்தான் சொன்னேன். கூட இருந்து பாக்கணும். அதுக்கு எரிஞ்ச, அப்பறம் நடக்குறதே வேற."

சுருளி அவளைப் பார்த்தான். கண்ணாடியில் இல்லை, நேரே. "எரியத்தான் செய்யும். இல்லன்னு பொய் சொன்னா நீ கண்டுபிடிச்சிருவ" என்றான்.

"எரிஞ்சா நீயும் கூட வந்து உக்காந்து எரி" என்று ஏறிக்கொண்டாள்.

அப்படியே செய்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் சவாரியை விட்டுவிட்டு, அவளுக்கும் கன்னையனுக்கும் நடுவே ஒரு கல்லைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தான். முதல் வாரம் கன்னையனின் கையை மட்டுமே முறைத்துக்கொண்டிருந்தான். அது வாச்சியை விட்டு எங்கேயாவது போகிறதா என்று. போகவில்லை. இரண்டாம் வாரம், சும்மா உட்கார முடியாமல், சாரக் கயிற்றைப் பிடித்தான். மூன்றாம் வாரம் பன்னிக்கு வாய் வந்தது. "பல்லு சின்னதா இருக்கே. மாடு மாதிரி தெரியுது. இன்னும் கொஞ்சம் வளைச்சு மேல கொண்டு போ" என்று அவனையறியாமல் சொல்லிவிட்டான். கன்னையன் தலையைச் சாய்த்துப் பார்த்து, "சரிதாண்ணே" என்று வளைத்தான்.

நாலாம் வாரம் சோணை வண்டியை நிறுத்திவிட்டு வந்து, பன்னிக்கு ஒரு காது மடங்கி இருந்தால் நன்றாயிருக்கும் என்றான். கன்னையன் அதையும் கேட்டு மடக்கினான். சந்திரவல்லி கையைத் தட்டினாள். "காதுதான்யா அழகே!"

சுருளிக்குச் சுரீரென்றது.

மதுரை பஸ் ஒன்று வளைவில் வேகம் குறைத்தது. ஜன்னல் ஜன்னலாகத் தலைகள் நீண்டன. "அந்தப் பன்னியப் பாருடா, காது மடங்கியிருக்கு!" என்று ஒரு குரல் கேட்டது. சுருளி கல்லை விட்டு எழுந்து பஸ்சின் பக்கத்திலேயே ஓடினான்.

"பல்லப் பாருங்கய்யா, பல்ல! அது நான் சொன்னது!"

பஸ் பத்தாம் வளைவுக்கு ஏறிப் போய்விட்டது.